பழைய பிக்கப்பின் முன்சில்லுக்கு டிஸ்க் பிறேக்: வன்னியில் எந்த வழி கட்டுபடியாகும்?

வன்னியில் இன்றும் நெல்லும் மீனும் சீமெந்தும் ஏற்றிக்கொண்டு ஓடும் பழைய பிக்கப்புகளில் பல, நான்கு சில்லிலும் டிறம் பிறேக்குடன் (சில்லோடு சுழலும் வட்டப் பெட்டியின் உட்சுவரில் வளைந்த சப்பாத்துகள் உரசி நிறுத்தும் வகை) செய்யப்பட்டவை. 1972இல் வந்த டட்சன் 620, அதே காலத்து டொயோட்டா ஹைலக்ஸ், அவற்றுக்கு முந்திய சிறு பிக்கப்புகள் எல்லாம் இந்த வகையைச் சேர்ந்தவை. கிரவல் வீதியில் குழி பார்த்து மணிக்கு 40 கிலோமீற்றரில் போன காலம் வரை அந்த டிறம்களை யாரும் பெரிதாகக் குறை சொன்னதில்லை. போருக்குப் பின் ஏ9 வீதி காப்பெற் போடப்பட்டு, பரந்தன் முல்லைத்தீவு வீதியும் மாங்குளம் முல்லைத்தீவு வீதியும் திருத்தப்பட்ட பிறகு, அதே வாகனம் அதே பாரத்துடன் 80இல் போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் பிறேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகும். பாரத்தோடு 2000 கிலோ வரும் பிக்கப் ஒன்றை 40இலிருந்து நிறுத்த ஏறத்தாழ 123 கிலோஜூலும், 80இலிருந்து நிறுத்த 494 கிலோஜூலும் வெப்பமாக மாற வேண்டும். மாடும் மானும் சிலவேளை யானையும் இரவில் குறுக்கே வரும் வீதியில் இந்தக் கணக்கு வெறும் பாடப்புத்தகக் கணக்கல்ல.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 வரை தனியாருக்குத் திறக்கப்படாததால், பழைய பிக்கப்பை விற்றுவிட்டுப் புதியதொன்றுக்குப் போகும் எண்ணத்தைப் பலர் கைவிட்டு, கையில் இருப்பதையே திருத்திப் பாவிக்கும் முடிவுக்கு வந்தார்கள். முன்சில்லுக்கு டிஸ்க், அதாவது சுழலும் தட்டை இருபக்கமும் பாட் என்ற உராய்வுக் கட்டைகள் கவ்வி நிறுத்தும் பிறேக், போடுவது அந்தத் திருத்தங்களில் அடிக்கடி பேசப்படும் ஒன்று. அதற்குள்ள வழிகளை ஒப்பிடுவதற்கு முன் என் நிலைப்பாட்டை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பிந்திய வாகனத்திலிருந்து முழுத்தொகுதியாக டிஸ்க் கிடைத்தால் அதைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் இருக்கும் டிறம்மை முறையாகத் திருத்தி, மாஸ்டர் சிலிண்டரை (பெடலை மிதிக்கும்போது பிறேக் ஓயிலைச் சில்லுகளுக்குத் தள்ளும் பாகம்) இரட்டைச் சுற்றுள்ளதாக, அதாவது ஓயில் இரு தனி வழிகளில் போவதாக, மாற்றுங்கள். இவ்விரண்டுக்கும் இடையில் உள்ள, பட்டறையில் தகடு வெட்டி எந்தக் காரின் கலிப்பரையாவது (பாட்களைத் தாங்கி டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம்) பொருத்தும் வழி, பார்வைக்குத்தான் மலிவானது.

டிறம்முக்கும் டிஸ்க்குக்கும் உள்ள வேறுபாட்டை எங்கள் வீதிகளோடு வைத்துப் பார்க்க வேண்டும். டிறம் சூடேறும்போது விரிந்து, சப்பாத்தின் மேலுள்ள உராய்வுப் பட்டையான லைனரை விட்டு விலகுகிறது. அதனால் மிதி கீழே இறங்குகிறது, லைனரின் பிடிப்பும் குறைகிறது. டிஸ்க் சூடேறினால் பாட் பக்கமாகவே தடிக்கிறது, காற்றும் அதை நேரடியாக ஆற்றுகிறது. மலைநாட்டில் நீண்ட இறக்கங்களில் இந்த வேறுபாடு மிகப் பெரிதாகத் தெரியும். சமதரையான வன்னியில், வேகமாகப் போய்த் திடீரென நிறுத்தும் ஒன்றிரண்டு தடவைகளில் மட்டும் தெரியும். ஆனால் வன்னிக்கென்று ஒரு தனிக் காரணம் உண்டு, அது தண்ணீர். கார்த்திகை, மார்கழி மழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்படும் நாட்களிலும், வட்டுவாகல் பாலத்தின் மேலால் வெள்ளம் பாயும் நாட்களிலும், உள்வீதிகளின் கோஸ்வேகளைக் கடக்கும்போதும் டிறம்முக்குள் தண்ணீர் போய்விடுகிறது. போன தண்ணீர் உள்ளேயே நின்று லைனரை நனைத்து வைத்திருக்கும். ஒரு சில்லு முந்திக் காய்ந்து மற்றது காயாதிருந்தால் மிதித்தவுடன் வாகனம் ஒரு பக்கமாக இழுக்கும். டிஸ்க்கில் உள்ள நீர் சுழற்சியில் வீசப்பட்டு, மீதியை முதல் மிதியிலேயே பாட் துடைத்துவிடும். என்னைக் கேட்டால், வன்னியில் டிஸ்க் போடுவதற்கு வெப்பத்தைவிட இதுவே வலுவான காரணம்.

டிறம்முக்கும் அதற்குரிய நியாயத்தைக் கொடுக்க வேண்டும். சுழலும் டிறம் முன்னோக்கிய சப்பாத்தைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால், மிதிக்கும் பலம் தானாகப் பெருகுகிறது. பல ஜப்பானியப் பிக்கப்புகளின் முன் டிறம்மில், சப்பாத்தைத் தள்ளும் வீல் சிலிண்டர்கள் இரண்டு இருந்து இரண்டு சப்பாத்துகளும் முன்னோக்கியவையாகவே வேலை செய்கின்றன. காலின் பலத்தை வெற்றிடத்தால் பெருக்கும் பூஸ்டர் இல்லாமலே இவை நன்றாக நிற்பதற்குக் காரணம் இதுதான். டிஸ்க்கில் இந்த உதவி கிடையாது; காலால் கொடுக்கும் அழுத்தமும் பூஸ்டர் கூட்டும் அழுத்தமும் மட்டுமே அதற்கு. செம்மண் சேறும் மணலும் டிஸ்க்கில் நேரடியாகப் படுவதால் பாட் தேய்வதும் டிஸ்க்கில் கோடு விழுவதும் இங்கு விரைவாக நடக்கும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் கலிப்பரின் வழுக்கு ஊசிகள் துருப்பிடித்து இறுகினால் ஒரு பாட் மட்டும் தேய்ந்து போகும். அதைக் கழற்றிக் கிறீஸ் பூசும் பழக்கம் இல்லாதவருக்கு டிஸ்க் நீண்ட நாளைக்கு நன்மை தராது.

முதல் வழி, இருக்கும் டிறம்மைத் திருத்துவது. 'டிறம் சரியில்லை, டிஸ்க் போட வேண்டும்' என்று கொண்டுவரப்படும் வாகனங்களைக் கழற்றிப் பார்த்தால், கசியும் வீல் சிலிண்டர், எண்ணெய் ஊறிய லைனர், உள்ளே வீங்கி அடைபட்ட ரப்பர் ஹோஸ், முட்டை வடிவாகிப்போன டிறம் ஆகியவற்றில் ஒன்றாவது இருப்பதுதான் வழக்கம். இந்த நிலையில் உள்ள டிறம்மைப் புது டிஸ்க்குடன் ஒப்பிடுவது நியாயமான ஒப்பீடு ஆகாது. டிறம்மை லேத்தில் கடைந்து வட்டமாக்கலாம், ஆனால் அதற்கு எல்லை உண்டு. பெரும்பாலும் டிறம்மிலேயே பொறிக்கப்பட்டிருக்கும் உச்ச உள்விட்டத்தைத் தாண்டிவிட்டால் அதை எறிந்துவிட வேண்டும். கடைந்த டிறம்முக்குப் பழைய வளைவுள்ள சப்பாத்தில் லைனர் அடித்துப் போட்டால், நடுப்பகுதி மட்டுமே முட்டும். லைனரின் இரு முனைகளும் தொடாது. லைனரை டிறம்மின் புதிய வளைவுக்கு ஏற்ப உரைத்து எடுக்கத் தெரிந்த பட்டறையைத் தேடிப் போவது, விலை கூடிய லைனர் வாங்குவதைவிடப் பயன் தரும். பழைய லைனர்களில் கல்நார் இருந்திருக்கக்கூடும் என்பதால், டிறம்மைக் கழற்றியதும் காற்றுக் குழாயால் தூசியை ஊதும் பழக்கத்தை விட்டுவிட்டு, நனைத்துத் துடைக்க வேண்டும். வேலை செய்யும் பொடியன்களின் நெஞ்சு தொடர்பான விடயம் இது.

இந்த முதல் வழியோடு சேர்த்தே செய்ய வேண்டியது மாஸ்டர் சிலிண்டர் மாற்றம். மிகப் பழைய பிக்கப்புகளில் ஒரே சுற்றுத்தான்: எங்காவது ஒரு ஹோஸ் வெடித்தால், ஒரு பைப் துருப்பிடித்துத் துளைத்தால், நான்கு சில்லிலும் பிறேக் போய்விடும். அமெரிக்காவில் 1968ஆம் ஆண்டு முதல் புதிய கார்களுக்கு இரட்டைச் சுற்று கட்டாயமாக்கப்பட்டதற்குக் காரணம் இந்த ஆபத்துத்தான். உங்கள் வாகனத்தின் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து சில்லுகளுக்கு ஒரே ஒரு பைப்தான் போகிறது என்றால், டிஸ்க் பற்றிய பேச்சை ஒத்திவைத்துவிட்டு, முதல் பணத்தை இதற்குச் செலவழியுங்கள். மீன் ஏற்றும் வாகனங்களுக்கு இதை இன்னும் அழுத்திச் சொல்வேன். ஐஸ் உருகி உப்புத்தண்ணீராகப் பெட்டியின் அடியால் வழிந்து, பின் அச்சுக்குப் போகும் பைப்பின் மேல் ஆண்டுக்கணக்காக விழுகிறது. வெளிப்பூச்சைச் சுரண்டிப் பார்க்காமல் அந்தப் பைப்பை நம்பக்கூடாது. புதிய பைப் போடும்போது சாதாரண செப்புக் குழாயைப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அது அதிர்வில் இறுகி வெடிக்கும். பிறேக்குக்கென்று செய்யப்பட்ட 4.76 மில்லிமீற்றர் உருக்குக் குழாயையோ செம்பு நிக்கல் கலப்புக் குழாயையோ, முனையை இரட்டை மடிப்பாக விரித்துப் போட வேண்டும்.

இரண்டாவது வழி, அதே குடும்பத்தின் டிஸ்க் உள்ள வாகனத்திலிருந்து முன்தொகுதியை எடுத்துப் போடுவது. நான் முதலிடம் கொடுப்பது இதற்குத்தான், ஆனால் இதில்தான் கவனிக்க வேண்டியவையும் அதிகம்.

டட்சன் 620இன் கடைசிக் காலத் தயாரிப்பில், அமெரிக்கச் சந்தைக்கு 1978ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து முன் டிஸ்க் வந்தது. 1970களின் இறுதியில் அதன் இடத்தைப் பிடித்த 720 முன் டிஸ்க்கோடு வந்தது. இரண்டின் சாதாரண பின்சில்லு இழுவை வகைகளிலும் சில்லுக்கு ஆறு போல்ட், 139.7 மில்லிமீற்றர் வட்டம் என்பதால் ரிம் ஒத்துப்போகும். ஹைலக்ஸில் 1978இல் வந்த மூன்றாம் தலைமுறையும் 1983இல் வந்த நான்காம் தலைமுறையும் தேட வேண்டியவை, ஆனால் சந்தைக்குச் சந்தை பிறேக் வேறுபட்டதால் கண்ணால் பார்த்த பிறகே வாங்க வேண்டும். அக்காலத்து நான்கு சில்லு இழுவை ஹைலக்ஸின் முன்பக்கம் முழுத்தண்டு அச்சு. அதன் பாகம் பின்சில்லு இழுவை வாகனத்தின் தனித்தனிச் சஸ்பென்ஷனுக்குப் பொருந்தாது. கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைப் பக்கம் போய்த் தேடுபவர்கள் 'ஹைலக்ஸ் டிஸ்க்' என்று மட்டும் கேட்டுவிட்டு, கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வவுனியா தாண்டி வந்த பிறகு இந்த வேறுபாட்டை அறிந்து என்ன பயன்? சேசிஸ் இலக்கத்தை எழுதிக்கொண்டு போங்கள். முடிந்தால் உங்கள் வாகனத்தின் ஒரு பக்க நக்கிளை (சில்லின் ஹப்பைத் தாங்கி, ஸ்டியரிங்கோடு திரும்பும் பாகம்) கழற்றி எடுத்துக்கொண்டே போங்கள்.

நக்கிள் இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவை இவை: நக்கிளைச் சஸ்பென்ஷன் கைகளோடு இணைக்கும் உருண்டை மூட்டுகளான மேல் போல் ஜொயின்ற்றுக்கும் கீழ் போல் ஜொயின்ற்றுக்கும் இடைப்பட்ட உயரம், அந்த ஓட்டைகளின் கூம்புச் சரிவு, ஸ்டியரிங் கையின் நீளமும் அது திரும்பியிருக்கும் கோணமும், ஸ்பிண்டிலின் தடிப்பும் பெயரிங்குகளின் அளவும். கூம்பு ஒத்துப்போகாத ஓட்டையில் போல் ஜொயின்ற்றை நட் கொண்டு இறுக்கிச் சமாளிக்க முடியாது. ஓடும்போது அது தளரும். ஸ்டியரிங் கை சிறிதளவு வேறுபட்டாலும், குழியில் சில்லு ஏறி இறங்கும்போது வாகனம் தானாகத் திரும்பும். இந்த அளவுகள் எல்லாம் ஒத்திருந்தால் நக்கிள், ஹப், டிஸ்க், கலிப்பர் ஆகியவற்றைச் சோடியாக ஒரே வாகனத்திலிருந்து எடுப்பது நல்லது. அதோடு நிறுத்திவிடாமல், அதே வாகனத்தின் மாஸ்டர் சிலிண்டர், பூஸ்டர், அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு ஆகியவற்றையும் அதே நேரத்தில் பேசி வாங்கிவிட வேண்டும். கடைக்காரர் டிஸ்க் தொகுதியைத் தனியாகவும் பூஸ்டரைத் தனியாகவும் விற்கவே விரும்புவார். மீதியைப் பிறகு எடுக்கலாம் என்று வருபவர் பெரும்பாலும் எடுப்பதில்லை.

ஏன் அவை வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாகனம் டிஸ்க் போட்ட பிறகு முன்னையைவிட மோசமாக நிற்கிறது என்ற முறைப்பாடுகளின் வேர் இங்கேதான். 54 மில்லிமீற்றர் விட்டமுள்ள கலிப்பர் பிஸ்டனின் பரப்பு கிட்டத்தட்ட 23 சதுர சென்ரிமீற்றர். ஓர் அங்குல வீல் சிலிண்டரின் பரப்பு 5 சதுர சென்ரிமீற்றர் மட்டுமே. ஒற்றைப் பிஸ்டன் உள்ள வழுக்குக் கலிப்பரில் இரு பாட்களும் 6 மில்லிமீற்றர் வீதம் தேயும்போது பிஸ்டன் 12 மில்லிமீற்றர் வெளியே வந்துவிடும். ஒரு சில்லுக்கு ஏறத்தாழ 27 மில்லிலீற்றர், இரண்டு சில்லுக்கு 55 மில்லிலீற்றர் பிறேக் ஓயில் கலிப்பருக்குள் இறங்கியிருக்கும். டிறம்முக்கென்று மாஸ்டர் சிலிண்டரில் வைத்த சின்ன ஓயில் கிண்ணம் இதற்கு முன்பே வற்றிக் காற்றை இழுத்துவிடும். அடுத்தது, டிறம்முக்கான மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றின் வாயிலில், லைனில் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 10 இறாத்தல் அழுத்தத்தை எப்போதும் பிடித்து வைக்கும் சிறு வால்வு ஒன்று இருக்கும். டிறம்மில் சப்பாத்தை இழுக்கும் ஸ்பிரிங் அந்த அழுத்தத்தைத் தாங்கும். டிஸ்க்கில் ஸ்பிரிங் இல்லாததால், பாட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். ஹப் சூடாகும், எரிபொருள் கூடக் குடிக்கும், பெயரிங் கிறீஸ் உருகும். ஆகவே முன்சுற்றில் அந்த வால்வு இருக்கக்கூடாது, பின் டிறம்முக்கான சுற்றில் இருக்க வேண்டும்.

மாஸ்டர் சிலிண்டரின் துளை அளவையும் பார்க்க வேண்டும். பூஸ்டர் இல்லாத வாகனத்தில் 30 கிலோ பலத்தில் மிதித்து, பெடலின் நெம்பு ஆறு மடங்காக்கினால், 3/4 அங்குலத் துளையில் சதுர சென்ரிமீற்றருக்கு 63 கிலோ அழுத்தம் கிடைக்கும். 7/8 அங்குலத்தில் அது 46ஆகவும், ஓர் அங்குலத்தில் 36ஆகவும் குறையும். துளையைச் சிறிதாக்கினால் அழுத்தம் கூடும், ஆனால் அனுப்பப்படும் ஓயில் குறைவதால் பெடல் நிலம் வரை போகும். பெரிய கலிப்பருக்கு ஓயிலும் வேண்டும், அழுத்தமும் வேண்டும். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது பெரிய துளையும் பூஸ்டரும்தான். பூஸ்டருக்கு வெற்றிடம் தேவை. பெற்றோல் என்ஜின் தன் உறிஞ்சு குழாயிலிருந்து அதைக் கொடுக்கும், டீசல் கொடுக்காது. டொயோட்டாவின் எல் வகை டீசல்களில் அல்ரனேற்றரின் பின்முனையில் வெற்றிடப் பம்ப் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். எங்கள் பக்கத்தில் பெற்றோல் என்ஜினைக் கழற்றிவிட்டு டீசல் ஏற்றிய பிக்கப்புகள் பல இருப்பதால், டிஸ்க்கும் பூஸ்டரும் வாங்கும் முன் உங்கள் அல்ரனேற்றர் பம்ப் உள்ளதா, அந்தப் பம்ப் உண்மையில் இழுக்கிறதா என்று குழாயைக் கழற்றி விரலை வைத்துப் பாருங்கள்.

பங்கிடும் வால்வைப் பற்றி ஒரு வார்த்தை. வெறுமையான பிக்கப்பின் பின்பக்கம் மிக இலேசு. முன்சில்லுக்கு டிஸ்க் போட்டு அதற்கு வேண்டிய அழுத்தத்தை முழு லைனிலும் கூட்டினால், பின் டிறம் முதலில் பூட்டிக்கொண்டு வாகனம் பக்கவாட்டில் சுழலும். மழையில் நனைந்த காப்பெற் வீதியில் இது உயிராபத்து. பின் அச்சின் உயரத்தை வைத்துப் பாரத்தை உணர்ந்து அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு சில பிக்கப்புகளில் உண்டு. அந்த வகை கிடைத்தால் அதை எடுங்கள். நெல் மூட்டையோடும் வெறுமையாகவும் மாறிமாறி ஓடும் வாகனத்துக்கு, ஒரே அளவில் நிறுத்தி வைத்த வால்வைவிட அதுவே உகந்தது. ஸ்பிரிங் பட்டை கூட்டிப் பின்பக்கத்தை உயர்த்திய வாகனத்தில் அந்த வால்வின் தண்டை மறுபடி சரிப்படுத்தாவிட்டால், பாரம் ஏற்றியபோதும் அது வெறுமையென்றே கணக்கிட்டுப் பின் பிறேக்கைக் குறைத்து வைக்கும்.

மூன்றாவது வழிதான் பரவலாகப் பேசப்படுவது: கையில் கிடைத்த ஒரு காரின் டிஸ்க்கையும் கலிப்பரையும் எடுத்து, டிறம்மின் பின்தகடு இருந்த போல்ட் துளைகளில் ஒரு தடித்த உருக்குத் தகட்டைப் பொருத்தி, அதில் கலிப்பரைத் தொங்கவிடுவது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், எரிபொருளும் உதிரிப்பாகமும் வராத வன்னியில், எங்கள் திருத்துநர்கள் இல்லாத பாகத்தை உருவாக்கி வாகனங்களை ஓட வைத்தார்கள். அந்தக் கைத்திறனின் மேல் எனக்குள்ள மதிப்புக் குறையாதது. அவர்களில் சிலர் செய்த கடைசல் வேலையை இன்றும் வைத்துப் பார்த்து வியக்கலாம். ஆயினும் பிறேக் தகடு வேறு வகையான பாகம். அது பிழைத்தால் வாகனம் வீதியோரம் நின்றுவிடாது, நிற்காமலே போகும்.

இந்த வழி முற்றிலும் தவறு என்று சொல்ல மாட்டேன். சரியாகச் செய்யலாம், ஆனால் சரியாகச் செய்வதற்கான செலவைக் கூட்டிப் பார்த்தால் மலிவு போய்விடுகிறது. தகடு 10 மில்லிமீற்றருக்குக் குறையாத உருக்காக இருக்க வேண்டும், வாயுவால் வெட்டிய ஓரங்களைக் கடைந்து துப்புரவாக்க வேண்டும், போல்ட்டுகள் தலையில் 10.9 என்று பொறித்த உயர்வலுப் போல்ட்டுகளாக இருக்க வேண்டும். கலிப்பர் டிஸ்க்கின் நடுவில் நேராக நிற்க வேண்டும். ஒரு மில்லிமீற்றர் சரிந்தாலே பாட் ஆப்பாகத் தேயும். ஹப்பில் டிஸ்க் உட்காரும் முகத்தைக் கடைந்தால், டிஸ்க் சுழலும்போது அதன் ஆட்டம் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்குக்குள் நிற்கிறதா என்று டயல் மானியால் பார்க்க வேண்டும். 13 அங்குல ரிம் உள்ள வாகனத்தில் கலிப்பர் ரிம்முக்குள் அடங்காமல் 14 அங்குலத்துக்குப் போக வேண்டி வரலாம். அப்போது நான்கு ரிம், நான்கு ரயர் என்ற செலவு கணக்கில் ஏறுகிறது. காரின் கலிப்பர் காரின் எடைக்கென்று செய்யப்பட்டது. ஒரு தொன் பாரம் ஏற்றும் பிக்கப்புக்குச் சிறிய டிஸ்க் போட்டால் டிறம்மைவிட விரைவாகச் சூடேறும். இவ்வளவையும் மீறிச் செய்ய முடிவெடுத்தால், ஒன்றை மட்டும் எந்தச் சூழலிலும் அனுமதிக்காதீர்கள்: நக்கிளின் மேல் வெல்டிங். வார்ப்பிலோ வடிப்பிலோ செய்த அந்தப் பாகத்தில் வெல்டிங் சூடு பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும், முறிவது பாரத்தோடு போகும் நாளில்தான்.

வெளிநாட்டில் செய்து பெட்டியில் வரும் தயார்த் தொகுதி நான்காவது வழி. புகழ்பெற்ற பழைய வாகனங்களுக்கு அது நன்றாகவே கிடைக்கும், தகடும் போல்ட்டும் அளவெடுத்தவை. கப்பற்செலவும் சுங்கவரியும் சேர்ந்த பிறகு அது கட்டுபடியாகும் வழி என்று சொல்ல முடியாது. பாட் தேயும்போது அதே அளவுப் பாட் கிளிநொச்சியில் கிடைக்குமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. உறவினர் கொண்டுவந்து கொடுக்கிறார் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

செலவை ஒப்பிடும்போது ஒரு பாகத்தின் விலையை மட்டும் வைத்துப் பார்ப்பது பிழையான முடிவுக்குக் கொண்டுபோகும். டிறம் திருத்தத்தில் பணம் பெரும்பாலும் சிறு பாகங்களுக்கும் லேத் கூலிக்கும் போகும். வேலை முடியும் நாளில் செலவும் முடிந்துவிடும். முழுத்தொகுதி மாற்றத்தில் முதல் நாளில் பெருந்தொகை போகும், ஆனால் கலிப்பருக்குப் புது ரப்பர், புதுப் பாட், தேவையானால் புது டிஸ்க் என்ற பிறகு பின்செலவு குறைவு. பாவித்த டிஸ்க்கை வாங்கினால் அதில் பொறித்துள்ள குறைந்த தடிப்புக்கு மேல் மீதி இருக்கிறதா என்று அளந்து வாங்க வேண்டும். தகடு வெட்டும் வழியில் முதல் நாள் செலவு குறைவாகவே தெரியும். பிறகு ரிம், பிறகு மாஸ்டர் சிலிண்டர், பிறகு பூஸ்டர், பிறகு மறுபடி தகடு என்று நீளும். பிழைத்த இடத்தைத் தேடும் நாட்களில் வாகனம் உழைக்காமல் நிற்பதும் செலவுதான்; அறுவடைக் காலத்தில் அந்த நாட்களின் பெறுமதி எந்த விவசாயிக்கும் தெரியும்.

ஆகவே யாருக்கு எது என்று கேட்டால், என் மதிப்பீடு இப்படி. வட்டக்கச்சி, உருத்திரபுரம் போன்ற பக்கங்களில் வயலுக்கும் வீட்டுக்கும் சந்தைக்குமாக உள்வீதியில் ஓடும் பிக்கப்புக்கு டிறம் திருத்தமும் இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் போதும். அதன் மேல் போடும் பணத்தை ரயருக்குப் போடுங்கள், ஏனென்றால் மொட்டை ரயரில் எந்தப் பிறேக்கும் நிறுத்தாது. ஏ9இல் யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் பாரத்தோடு அடிக்கடி ஓடுபவர், அல்லது மழைக்காலத்தில் புதுக்குடியிருப்பு முல்லைத்தீவுப் பக்கம் தண்ணீரைக் கடந்து போக வேண்டியவர், தேடி அலைந்தாவது முழுத்தொகுதி டிஸ்க்குக்குப் போவதை ஆதரிப்பேன். பழைய வாகனத்தை அதன் மூலவடிவில் பேண விரும்புபவருக்கு டிறம்மே சரி. கழற்றிய பாகங்களை எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்தி வைத்தால், டிஸ்க்குக்குப் போன பிறகும் திரும்பி வரலாம். நக்கிளில் துளையிட்ட பிறகு வர முடியாது.

எந்த வழியானாலும் வேலை நடக்கும்போது நேரில் நின்று பார்க்க வேண்டியவை சில. டட்சன் 620இல் உள்ளதைப் போன்ற முறுக்குத்தண்டு சஸ்பென்ஷனில், தண்டின் இறுக்கத்தைத் தளர்த்தாமல் போல் ஜொயின்ற்றைக் கழற்றினால் சஸ்பென்ஷன் கை அடித்து வீசும். கழற்றும் முன் தண்டின் நிலையில் அடையாளமிட்டுக்கொள்ள வேண்டும். கலிப்பர்களை வலது இடது மாறிப் பூட்டினாலும் அவை பொருந்திவிடும், ஆனால் காற்றெடுக்கும் நிப்பிள் கீழே போய்விடும். மேலே தங்கிய காற்று எத்தனை போத்தல் ஓயில் ஊற்றினாலும் வெளியேறாது, பெடல் பஞ்சாகவே இருக்கும். நிப்பிள் மேலே பார்க்கிறதா என்பதை முதலில் பாருங்கள். ரப்பர் உள்ள பாகங்களைப் பெற்றோலிலோ டீசலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவ விடாதீர்கள், அவை ரப்பரை வீங்க வைக்கும். பிறேக் ஓயிலாலேயே கழுவ வேண்டும். பழைய ஓயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கொதிநிலையை இழந்திருக்கும்: டொட் 3 ஓயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகையில் கொதிப்பது, ஈரம் ஏறிய பிறகு 140க்கு இறங்கலாம். டொட் 4இல் இவை 230உம் 155உம் ஆகும். டொட் 5 என்ற சிலிக்கோன் வகையை இவற்றோடு கலக்கவே கூடாது.

முதல் ஓட்டத்தை ஏ9இல் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆள் நடமாட்டமில்லாத ஒரு வெளியில், வெறும் வாகனத்தோடு 20இல், பிறகு 30இல், பிறகு 50இல் நிறுத்திப் பார்த்து, வாகனம் நேராக நிற்கிறதா, எந்தச் சில்லு முதலில் பூட்டுகிறது என்று வெளியில் நிற்பவர் ஒருவரைக் கவனிக்கச் சொல்லுங்கள். பின்சில்லு முந்தினால் அன்றே வால்வைச் சரி செய்ய வேண்டும். பிறகு பாதிப் பாரத்தோடும் முழுப் பாரத்தோடும் அதையே திரும்பச் செய்ய வேண்டும். சில கிலோமீற்றர் பிறேக் தொடாமல் ஓட்டி நிறுத்தி, நான்கு ஹப்பின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பாட் உரசுகிறது, அல்லது பெயரிங் அதிகம் இறுகியிருக்கிறது. தகுதிச் சான்றிதழுக்குப் போக வேண்டிய வாகனமெனில், மாற்றத்தின் பற்றுச்சீட்டுகளையும் படங்களையும் வைத்துக்கொண்டு பரிசோதகரிடம் முன்கூட்டியே சொல்வதும், காப்புறுதிக்காரருக்கு எழுத்தில் அறிவிப்பதும் பின்னாள் சிக்கலைத் தவிர்க்கும்.

பணம் ஒரே தடவையில் புரளாதவர்கள் வேலையைப் பிரித்துச் செய்யலாம், ஆனால் ஒழுங்கு முக்கியம். முதலில் பைப்புகளும் ஹோஸ்களும் பின் டிறம்மும். இவை டிஸ்க்குக்குப் போனாலும் அப்படியே இருக்கப்போகிறவை. அடுத்தது இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும். இவற்றை வாங்கும்போதே, பின்னர் நீங்கள் தேடப்போகும் டிஸ்க் தொகுதியின் வாகனத்துக்குரியவையாகப் பார்த்து வாங்கி, முன்பக்கம் டிறம் இருக்கும் வரை முன்சுற்றின் வாயிலில் அழுத்தம் பிடிக்கும் சிறு வால்வொன்றைத் தனியாகப் பூட்டி வையுங்கள். டிஸ்க் வந்து சேரும் நாளில் அந்த வால்வைக் கழற்றிவிட்டு, நக்கிளையும் கலிப்பரையும் மாற்றி, பங்கிடும் வால்வையும் பூட்டிக் காற்றெடுத்தால் போதும். அதற்கு முன் செலவழித்த எதையும் எறிய வேண்டி வராது.